சுகிர்தம் தூக்கி வந்த தட்டு

தென்காசியில் குடல் குழம்பு எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டால் ஆட்டோக்காரர் யாரும் யோசிக்க மாட்டார். மார்க்கெட்டுக்குப் பின்னால், கருவாட்டுக் கடைகளைத் தாண்டி, தகரம் வேய்ந்த சுகிர்தத்தின் கடை வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். இறக்கிவிட்டுத் தானும் ஒரு இலை போடச் சொல்லி உட்கார்ந்துவிடுவார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சுகிர்தத்தின் அம்மா நடத்திய காலத்தில் அது குடல்காரி கடை. அம்மா போய்ச் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆன பிறகு குடல்காரி மகள் கடை. அவ்வளவுதான் மாற்றம்.

சுகிர்தத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. கோபக்காரி. கோபத்தை ஆறப்போடுகிற பழக்கமே அவளுக்கு இல்லை. காலையில் அடுப்போடு சேர்த்து அதையும் பற்றவைத்துவிடுவாள். தண்ணீர் லாரிக்காரன் மேல் கோபம், இலை கட்டு கொண்டு வருகிறவன் மேல் கோபம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற இடத்திலேயே காறித் துப்புகிறவர்கள் மேல் சொல்ல முடியாத கோபம். ஆனால் இதெல்லாம் சில்லறைக் கோபம். கட்டிவைத்த கோபம் ஒரே ஒரு ஆள் மேல்தான். அந்த ஆள் எபனேசர்.

வயதுக்கு மரியாதை கொடுத்து அவரை நாம் 'அவர்' என்று சொல்லிக்கொள்ளலாம். சுகிர்தத்தின் மனசுக்குள் அவன் 'அவன்'தான். ஒரே ஊர், ஒரே சபை. ஸ்காட்லாந்தில் அபர்டீன் என்ற ஊரில் எண்ணெய்க் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு விடுதி கட்டினார். புல்தரை, நீச்சல் குளம், கண்ணாடி போட்ட சாப்பாட்டுக் கூடம் எல்லாம் உண்டு. வாசலில் ஒரு பலகையும் உண்டு. 'இங்கு குடல், தலை, இரத்தம் சமைக்கப்பட மாட்டாது. வெளியிலிருந்து கொண்டு வரவும் அனுமதி இல்லை' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். சீசனுக்கு வருகிறவர்கள் தென்காசியில் பார்சல் வாங்கிக்கொண்டு போய் அறையில் வைத்துச் சாப்பிட்டுக் கட்டில் விரிப்பில் கை துடைத்தார்கள் என்பது அவர் சொன்ன காரணம். சுகிர்தம் அந்தக் காரணத்தை நம்பவில்லை. தன் பெயருக்குப் போட்ட கடிதமாகத்தான் அந்தப் பலகையை அவள் எடுத்துக்கொண்டாள்.

போன ஜனவரியில், பொங்கல் முடிந்த இரண்டாம் நாள், பகல் பதினோரு மணிக்கு அந்த எபனேசர் கடை வாசலில் வந்து நின்றார். மூக்குக்குப் பக்கத்தில் கைக்குட்டை. பின்னால் அவ்வளவு நீளத்துக்குக் கார், கருவாட்டுக்காரர்களின் பாதையை அடைத்துக்கொண்டு.

"சுகிர்தம், நல்லாருக்கியா?"

சுகிர்தம் குடலைப் புரட்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "வாடை அடிக்கும். காரைத் தள்ளி நிறுத்துங்க. சீட்டுல ஏறிக்கிட்டா போவாது."

அவர் சிரித்து வைத்தார். உட்காரச் சொல்லுவாள் என்று பார்த்தார். சொல்லவில்லை. நின்றுகொண்டே விஷயத்துக்கு வந்தார். அபர்டீனில் கூட வேலை பார்த்தவர்களும் அவர்கள் குடும்பமுமாகப் பதினான்கு பேர் கேரளம் சுற்றிவிட்டு, செங்கோட்டை வழியாகக் குற்றாலத்துக்கு வருகிறார்கள். அவர்களைக் கூட்டி வருகிற மோராக் என்ற அம்மா சுற்றுலாக் கம்பெனி நடத்துகிறவள். அவளுக்குப் பிடித்துவிட்டால் வருடா வருடம் இருநூறு பேரை விடுதிக்கு அனுப்புவாள். வருகிறவர்கள் ஜனவரி இருபத்தைந்தாம் தேதி இங்கே இருக்கிறார்கள். அது அவர்கள் நாட்டுக் கவிஞர் ஒருவர் பிறந்த நாள். அன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து விருந்து சாப்பிடுவார்கள். அந்த விருந்தைத் தன் விடுதியில் வைத்து அசத்திவிட வேண்டும் என்பது அவருடைய திட்டம்.

"வைங்க. அதுக்கு இங்கன என்ன?"

"அந்த விருந்துல ஹாகிஸ்னு ஒண்ணு வைக்கணும் சுகிர்தம். அதான் முக்கியம். அது இல்லாம விருந்தே கெடையாது." எபனேசர் குரலைத் தாழ்த்தினார். "செம்மறி ஆட்டு எரைப்பை இருக்குல்லா, அதுக்குள்ள ஈரலு, இருதயம், நுரையீரலு எல்லாத்தையும் கொத்தி, கொழுப்பும் ஓட்ஸும் போட்டு அடைச்சு, தச்சு, முழுசா அவிக்கணும்."

சுகிர்தம் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"குடலு."

"குடல் இல்ல, எரைப்பை..."

"எங்களுக்கு எல்லாம் குடலுதான் அண்ணாச்சி."

அவருடைய மகன் ஜெனோ ஹோட்டல் மேனேஜ்மெண்ட் படித்தவன். அவன் இரண்டு தடவை செய்து பார்த்து, இரண்டு தடவையும் அடுப்பிலேயே வெடித்துவிட்டதாம். இரண்டாவது தடவை விடுதிச் சமையலறையின் மேல்கூரை வரைக்கும் ஓட்ஸ் அப்பிக்கொண்டதாம். இதைக் கேட்டு சுகிர்தம் சிரிக்கவில்லை. சிரிப்பை உள்ளேயே வைத்துக்கொண்டு மெல்ல அனுபவித்தாள்.

"ஒங்க வாசல்ல ஒரு போர்டு நிக்குல்லா?" என்றாள்.

"எந்த போர்டு?"

"எந்த போர்டா? செவப்பா எழுதியிருக்கே, அது. அத நட்டு வச்சிக்கிட்டுக் குடலுக்கு எங்கிட்ட வாரியளே, வெக்கமா இல்ல?"

"அதக் கழத்திருதேன். அதுக்கென்ன."

"மொதல்ல கழத்துங்க. மத்தத நாளைக்குப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள். எபனேசர் காரில் ஏறினார். கருவாட்டுக்காரர்களுக்கு வழி கிடைத்தது.

சுகிர்தத்தின் மகள் ஷெர்லின் பி.காம். முடித்துவிட்டுக் கடையின் போன் ஆர்டர்களைக் கவனிக்கிறாள். அம்மாவின் கோபத்தில் பாதி அவளுக்கும் உண்டு, ஆனால் அதைச் சிரித்துக்கொண்டே காட்டுகிறவள். எபனேசர் போனதும் அவள் கைபேசியில் அந்த விருந்தைப் பற்றித் தேடிப் படித்தாள். படித்தவள் எழுந்து அம்மாவிடம் வந்தாள்.

"எம்மா, இதக் கேளு. அந்த ஹாகிஸ சும்மா கொண்டு வந்து வைக்க மாட்டாங்களாம். வந்தவங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டணுமாம். முன்னால ஒரு ஆளு பைப்புன்னு, தோல் பை வச்ச குழல ஊதிட்டு வருவாராம். அவருக்குப் பின்னால சமைச்சவங்க தட்டத் தூக்கிட்டு வரணுமாம். அந்தக் கவிஞரு ஹாகிஸப் பாத்தே ஒரு பாட்டு எழுதியிருக்காராம். அத ஒருத்தரு கத்திய வச்சிக்கிட்டுப் பாடி, பாட்டு நடுவுல ஒரே குத்தா குத்தித் தொறக்கணுமாம்."

"குடலப் பாத்தா பாட்டு?"

"ஆமா. அதுக்கப்புறம் ஊதுனவருக்கும் சமைச்சவங்களுக்கும் விருந்து வைக்கவரு தன் கையால விஸ்கி குடுத்து, சமைச்சவங்க பேரச் சொல்லணுமாம். எல்லாரும் அந்தப் பேரச் சொல்லிட்டுத்தான் குடிப்பாங்களாம்."

"மறுபடி படி" என்றாள் சுகிர்தம். ஷெர்லின் மறுபடி படித்தாள். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னாள். குடலுக்குத் தடவிய சுண்ணாம்பு கையில் காய்ந்து வெடிக்கிறது வரைக்கும் அப்படியே நின்றாள்.

அவளுக்குப் பதினோரு வயதில் நடந்த ஒன்று இருந்தது. கீழப்பாவூர்ப் பக்கத்தில் அவர்கள் ஊர்ச் சபையில் வருடம் ஒரு தடவை அசனம் நடக்கும். சபை மொத்தமும் ஏழை பணக்காரன் பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது அசனம். அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். அசனக் கமிட்டித் தலைவர் எபனேசரின் அப்பா, அரிசி ஆலைக்காரர். பன்னிரண்டு கிடாயின் குடலை வாய்க்காலில் உட்கார்ந்து கழுவுவது சுகிர்தத்தின் அம்மா வேலை. கழுவிக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விட வேண்டும். கரண்டியைத் தொடக் கூடாது. அந்த வருடம் சமையல்காரருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டதால் குடல் குழம்பையும் அவளே வைத்தாள். பந்தியில் ஆள் ஆளுக்கு இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். போதகர் கையைக் கூட நக்கிவிட்டு, "இத வச்சது யாரு? கூப்பிடுங்க, ஒரு ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். எபனேசரின் அப்பா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம வீட்டு ஆளுகதான் வச்சாங்க" என்று போதகரிடம் சொன்னார். அம்மாவிடம், "நீ பின்னால இரு" என்றார். பக்கத்தில் நின்ற பதினைந்து வயது எபனேசர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அம்மா பின்னால் போய் அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அதில் கொடுமை என்னவென்றால், மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்த அந்தப் பையன் சனிக்கிழமை தவறாமல் பின் சந்து வழியாக வந்து, அப்பாவுக்குத் தெரியாமல், அம்மாவின் கடைக்குப் பின்னால் குத்தவைத்துக் குடல் தின்றவன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு வருடம். அம்மா அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை. பிள்ளை ஆசைப்பட்டுத் திங்கான், விடு என்பாள். அசனத்துக்கு அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அம்மா அன்றைக்கும் போட்டாள். சுகிர்தத்தால் அம்மாவைக் கூட இன்றுவரை அதற்கு மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் எபனேசர் வந்து, பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டதாகச் சொன்னபோது அவள் தயாராக இருந்தாள்.

"ஆக்கித் தாரேன். கை சுத்தமா, வெடிக்காம, அந்த ஊர்க்காரன் வாயத் தொறந்து நிக்க மாதிரி ஆக்கித் தாரேன். ஆனா தட்ட நான்தான் தூக்கிட்டு வருவேன்."

எபனேசரின் முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் நின்ற ஷெர்லினைப் பார்த்தார். எங்கிருந்து இந்த வினை வந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"அதுக்கு ஜெனோ இருக்கான் சுகிர்தம். கோட்டு, தொப்பியெல்லாம் தச்சு வச்சிருக்கான்."

"அப்ப ஜெனோவே அடைச்சு அவிக்கட்டும். கூரையத் தொடைக்க ஆள் வேணும்னா சொல்லுங்க, அனுப்புதேன்."

நாள் எட்டுதான் இருந்தது. அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரி. நீதான் தூக்கிட்டு வாரே. போதுமா?"

"ஒங்க வாயால சொல்லிட்டிய. போதும்."

அதற்குப் பிறகு சுகிர்தம் வேலையில் இறங்கிவிட்டாள். கசாப்புக் கடை யாக்கூப் பாயிடம் சொல்லி, கத்தி படாத செம்மறி இரைப்பையாக மூன்று எடுத்து வைக்கச் சொன்னாள். "முழுசாவா? என்ன, பந்து வெளையாடப் போறியா?" என்று யாக்கூப் கேட்டதற்கு, "ஆமா, எபனேசர் தலைய வச்சு" என்று பதில் சொன்னாள். வெந்நீரில் முக்கி, சுண்ணாம்பு தடவி, உள்பக்கத்தை வெளியே புரட்டி, தேங்காய்ச் சிரட்டையின் விளிம்பால் சுரண்டி, உப்புத் தண்ணீரில் ஒரு இரவு போட்டாள். மறுநாள் அது வெளுத்த துணியாகக் கிடந்தது. ஈரலையும் இருதயத்தையும் நுரையீரலையும் வேகவைத்துக் கத்தியால் கொத்தினாள். மிஷினில் போடலாம் என்று ஷெர்லின் சொன்னதைக் கேட்கவில்லை, களியாகிவிடும். ஓட்ஸை வாசம் வருகிற வரைக்கும் வறுத்தாள். மிளகு, வெங்காயம், உப்பு, கொழுப்பு. இஞ்சி போடக் கை பரபரத்தது. போடவில்லை. அது அவர்கள் சாப்பாடு, அவர்கள் நாக்கு.

ஜெனோ செய்த தப்பு அவளுக்குச் சொல்லாமலே தெரியும். திணித்திருப்பான். ஓட்ஸ் வெந்தால் ஊதும், இரைப்பையோ சூட்டில் சுருங்கும். இரண்டும் சேர்ந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? பாதிக்கு மேல் ஒரு கைப்பிடிதான் அடைத்தாள். உள்ளே இருந்த காற்றைப் பிதுக்கி எடுத்துவிட்டுத் தைத்தாள். கொதி வந்து உப்பத் தொடங்கியபோது ஊசியால் நாலு இடத்தில் குத்திவிட்டாள். முதல் ஒன்றை வீட்டில் அவித்துப் பார்த்து, மகளும் அவளும் சாப்பிட்டார்கள். "காரமே இல்ல. ஆனா கெட்டுப்போகல" என்றாள் சுகிர்தம். அவள் வாயில் அது பெரிய பாராட்டு.

இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் தாயும் மகளும் ஆட்டோவில் விடுதிக்குப் போய் இறங்கினார்கள். வாசலில் பலகை அங்கேயே நின்றது. அதைக் கழற்றவில்லை, மேலே ஒரு கட்டம் போட்ட துணியைப் போர்த்திக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். நாளைக்கு அவிழ்த்துவிட்டால் போயிற்று. சுகிர்தம் அதைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் அப்படியே திரும்பிப் போக வேண்டியிருக்கும். அவளுக்கு அந்தக் கூடத்துக்குள் நடந்து போக வேண்டும்.

சமையலறைக்குப் பின்னால் நாதஸ்வரக்காரர் வீரபாகு உட்கார்ந்திருந்தார். வீரகேரளம்புதூர்க்காரர். பைப் ஊதுகிற ஆள் இந்தப் பக்கம் கிடைக்காததால் அவரைப் பிடித்திருந்தார்கள். வேட்டிக்கு மேலே, ஸ்காட்லாந்து ஆம்பளைகள் விசேஷத்துக்குக் கட்டுகிற மாதிரி, முழங்கால் வரைக்கும் சிவப்புக் கட்டம் போட்ட பாவாடை ஒன்றைச் சுற்றி விட்டிருந்தார்கள். மனுசர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது வருசமா ஊதுதேன்மா. எத்தன கோயிலு, எத்தன கல்யாணம். இன்னைக்குப் பாவாட கட்டி விட்டுட்டான். தவிலும் வேண்டாமாம். தாலி கட்டுக்கு ஊதுதேனா, எழவுக்கு ஊதுதேனான்னு எனக்கே வெளங்கல."

"குடலுக்கு ஊதுதிய" என்றாள் சுகிர்தம். வீரபாகு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

ஆறரை மணிக்கு எல்லாம் தயார். உருளைக்கிழங்கு மசியல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அவர்கள் ஊர்க் கிழங்குக்குப் பதிலாக நூக்கல் மசியல். நடு அடுப்பில் பெரிய அண்டாவில் ஹாகிஸ் வெந்து மிதந்தது. சுகிர்தம் முகம் கழுவி, கொண்டு வந்த ஊதாச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். அப்போது ஜெனோ வெள்ளைக் கோட்டும் உயரத் தொப்பியுமாக உள்ளே வந்தான்.

"அத்தை, தட்ட எங்கிட்டக் குடுத்துருங்க. அப்பா சொன்னாங்க."

"யாரு அப்பா? கூப்பிடு அவர."

எபனேசர் வந்தார். அவரும் கட்டம் போட்ட பாவாடைதான். அதற்கு மேல் கறுப்புக் கோட்டு. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் விருந்தாளிகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சாப்பாட்டுக்கு முன் சொல்லுகிற சின்ன ஜெபம் முடிந்திருந்தது.

"சுகிர்தம், புரிஞ்சிக்கோ. வந்திருக்கவங்க பெரிய எடம். மோராக் அம்மா ஒவ்வொண்ணாப் பாக்கா. சமையக்காரர்னா கோட்டு தொப்பின்னு ஒரு இது இருக்குல்லா? நீ இந்தச் சேலையோட அங்கன வந்து நின்னா..." அவர் முடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு விதமாக முடித்தார். "நீ பின்னால இரு."

அவன் அப்பன் அம்மாவிடம் சொன்ன அதே வார்த்தை. குரல்கூட அதேதான், திரும்பிப் பார்க்காமல் சொன்னதும் அதேதான். சுகிர்தத்தின் கைக்கு எட்டுகிற இடத்தில் உப்புச் சாடி இருந்தது. ஒரு கை அள்ளி அந்த மசியலில் போட்டால் இருநூறு பேரும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அள்ளவில்லை. சாப்பாடு என்ன பாவம் செய்தது? அவள் அண்டாவிடமிருந்து நாலு எட்டு பின்னால் போய், சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நின்னுட்டேன். எடுத்துட்டுப் போங்க."

கூடத்தில் கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. தட்டு வருகிறது வரைக்கும் நிறுத்தாமல் மெதுவாகத் தட்டுவது வழக்கம். ஜெனோ கரண்டியோடு அண்டாப் பக்கம் போனான். கொதிக்கிற தண்ணீரில் ஹாகிஸ் விறைத்து, மினுங்கிக்கொண்டு, அடியில் நெருப்பு வாங்கி உருண்டது. கரண்டி முனையால் லேசாகத் தொட்டான். அது வழுக்கிப் புரண்டது. தொட்ட இடம் குழிந்து மறுபடி உப்பியது. ஜெனோ கையை இழுத்துக்கொண்டான். கூரையில் ஒட்டிய ஓட்ஸ் அவன் கண் முன்னால் வந்திருக்க வேண்டும்.

"எடுலே!" என்றார் எபனேசர்.

"வெடிச்சிரும்பா. எப்படி எடுக்கன்னு தெரியல."

"ரெண்டு கரண்டி வச்சு எடு!"

"கிழிஞ்சிரும்பா!"

கைதட்டல் கொஞ்சம் வேகம் பிடித்தது. யாரோ காலாலும் தட்டினார்கள். வீரபாகு சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஊதவா, வேண்டாமா? ஒண்ணச் சொல்லுங்கய்யா" என்று எரிந்து விழுந்தார். எபனேசரின் நெற்றியில் வேர்வை பூத்தது. சுவரோரம் பார்த்தார். சுகிர்தம் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

"சுகிர்தம், எடுத்துத் தா."

"பின்னாலதான நிக்கச் சொன்னிய? நிக்கேன்."

"ஏட்டி, என் மானத்த வாங்காத."

"தூக்கிட்டு வாரது யாரு?"

கண்ணாடிக் கதவில் மோராக்கின் வெள்ளைத் தலை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. எபனேசர் பல்லைக் கடித்தார். "நீதான். நீதான் தூக்கிட்டு வா."

சுகிர்தம் அவசரப்படவில்லை. ஈரத் துண்டு ஒன்றைத் தண்ணீருக்குள் விட்டு, ஹாகிஸுக்கு அடியில் தொட்டிலாகக் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினாள். தட்டில் இறக்கி வைத்தபோது ஒரு சொட்டு சிதறவில்லை. விரல் வெந்திருக்கும், அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "ஊதுங்க அண்ணாச்சி" என்றாள் வீரபாகுவிடம்.

வீரபாகு ஊதினார். எபனேசர் கைபேசியில் போட்டுக் காட்டி, நாலு நாளாகப் பழக்கிவைத்த அந்த ஊர் மெட்டை அவர் ஊதவில்லை. கோயிலில் சாமி புறப்பாட்டுக்கு ஊதுகிற மல்லாரியை எடுத்தார். யார் மேல் உள்ள கோபத்தில் எடுத்தாரோ, மூச்சு முழுவதையும் அதில் போட்டார். கண்ணாடிகள் அதிர்ந்தன. அவருக்குப் பின்னால் சுகிர்தம் தட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பதினான்கு பேரும் நின்றுகொண்டு கை தட்டினார்கள். ஊதாச் சேலையையோ, சுண்ணாம்பு தின்ற விரலையோ யாரும் பார்த்த மாதிரி இல்லை. தட்டைப் பார்த்தார்கள், அப்புறம் தூக்கி வந்தவளைப் பார்த்தார்கள். சுகிர்தம் ஒருத்தரையும் பார்க்கவில்லை. அழுதுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் கவலை.

எபனேசர் பாட்டைச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார், இருபத்திரண்டு வருடப் பழக்கம். கத்தியை ஓங்கி, கையை விரித்து, ஆட்டு இரைப்பையைப் புகழ்ந்து அவர் அத்தனை பாவம் காட்டியதை ஷெர்லின் சமையலறைக் கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். ஓங்கிக் குத்தினார். ஹாகிஸ் பிளந்தது. குப்பென்று ஆவியும் மிளகு வாசமும் எழும்பிக் கூடம் நிறைந்தது. மோராக் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மென்றாள். கரண்டியை வைத்துவிட்டு, தன் அம்மா வைத்த மாதிரியே இருக்கிறது என்று எபனேசரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். இருநூறு பேரும் அந்தக் கணமே அறை எடுத்துவிட்டதாக எபனேசரின் முகம் மலர்ந்தது.

பிறகு விஸ்கி. ஊதினவருக்கு ஒரு கண்ணாடித் தம்ளர். வீரபாகு அதை ஒரே மடக்கில் இறக்கிவிட்டு, பாவாடையில் வாயைத் துடைத்தார். அடுத்தது சமைத்தவளுக்கு. எபனேசர் தம்ளரை நீட்டினார். பதினான்கு பேரும் தங்கள் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, பெயருக்காகக் காத்திருந்தார்கள்.

சுகிர்தம் வாங்கவில்லை.

"நான் குடிக்கிறவ இல்ல. எம் பேரும் வேண்டாம். இது எங்கம்மா கை. எங்கம்மா பேரச் சொல்லுங்க."

எபனேசருக்கு அப்பாடா என்றிருந்தது. இவ்வளவுதானே. அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, இந்தக் கைப்பக்குவம் இந்தப் பெண்ணின் தாயாருடையது, சின்ன வயதில் அவர் கையால் நானே எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன், அந்த அம்மையாரின் பெயருக்கு நாம் அருந்துவோம் என்று கணீரென்று ஆங்கிலத்தில் சொல்லி, தம்ளரை உயர்த்தி, வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

சுகிர்தத்துக்கு முதலில் புரியவில்லை. சொல்ல மாட்டேன் என்பான், மழுப்புவான் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்கு வேண்டிய பேச்செல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அவர் கண்ணைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அவனுக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் தின்றவனுக்கு, போட்டவள் பெயர் தெரியவில்லை. குடல்காரி என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் அவனிடம் இல்லை. அசனப் பந்தியில் பட்டது இவ்வளவு வலிக்கவில்லை. பதினெட்டு வருடமாகத் தன் கடைக்கும் அந்தப் பெயரை எழுதிப் போடத் தனக்கே தோன்றவில்லையே என்பதும் அப்போதுதான் சுருக்கென்று தைத்தது. அவளுக்கு எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது, தன் மேலும் வந்தது.

எபனேசர் அவள் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் கேட்டார். "ஏட்டி, ஒங்கம்மா பேரு என்ன?"

சுகிர்தம் அவருக்குச் சொல்லவில்லை. மோராக்கைப் பார்த்துத் திரும்பி, பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அன்னப்பழம்."

மோராக் அதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு தம்ளரை உயர்த்தினாள். பதினான்கு பேரும் அவரவர் வாய்க்கு வந்த மாதிரி அந்தப் பெயரைச் சொன்னார்கள். வீரபாகுவும் காலித் தம்ளரை உயர்த்திச் சொன்னார். ஆனால் யாரும் குடிக்கவில்லை. விருந்து வைக்கிறவர் சொல்லிக் குடித்த பிறகுதான் மற்றவர்கள் குடிக்க வேண்டும். எல்லோரும் எபனேசரைப் பார்த்தார்கள். அவர் தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோய், அதன் விளிம்புக்குள் என்னவோ முணுமுணுத்தார்.

சுகிர்தம் அதற்குள் நடந்து சமையலறைக் கதவுக்கே போய்விட்டிருந்தாள். அங்கே மகளுக்குப் பக்கத்தில் நின்று திரும்பினாள்.

"கேக்கல அண்ணாச்சி" என்றாள், கூடத்தின் அந்தக் கோடி வரைக்கும் எட்டுகிற மாதிரி. "பின்னால நிக்கவளுக்கும் கேக்கணும்லா? சத்தமாச் சொல்லுங்க."

எபனேசர் பதினான்கு தம்ளர்களையும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அசனப் பந்தியில் ஆள் கூப்பிடுகிற அவருடைய அப்பாவின் குரலில், சத்தமாகச் சொன்னார்.